ஆன் செய்தும் திரை இருட்டா? பழைய ஓசிலோஸ்கோப்பின் பவர் சப்ளை கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஸ்விட்சைப் போடுகிறீர்கள். முன்பக்கத்தில் சின்ன விளக்கு ஒன்று எரிகிறது. அவ்வளவுதான். பச்சைக் கோடு வர வேண்டிய திரை கறுப்பாகவே இருக்கிறது. இரண்டு நிமிடம் காத்திருந்தும் பயனில்லை. ‘போச்சு, டியூப் காலி’ என்று பக்கத்தில் இருப்பவர் தீர்ப்பே எழுதிவிடுகிறார்.

கொஞ்சம் பொறுங்க. பழைய ஓசிலோஸ்கோப் இப்படி மௌனமானால் முதலில் சந்தேகப்பட வேண்டியது டியூபை அல்ல, பவர் சப்ளையை. பட்டாணி அளவே இருக்கும் ஒரு கெபாசிட்டர் பழுதானாலே போதும், 10 கிலோ எடையுள்ள கருவி மொத்தமும் செத்தது போலக் கிடக்கும். அந்தக் குட்டிக் குற்றவாளியைப் பிடிப்பதற்கு ஒரு வரிசை இருக்கிறது. அந்த வரிசையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

உதாரணத்துக்கு நாம் எடுத்துக்கொள்வது டெக்ட்ரானிக்ஸ் 465. 1972-ல் வந்த, 100 மெகாஹெர்ட்ஸ் வரை அளக்கும் இரண்டு சேனல் அனலாக் ஸ்கோப். உலகம் முழுக்க லேப்களிலும் பழுதுபார்க்கும் மேசைகளிலும் இருந்த மாடல். இன்றும் செகண்ட் ஹேண்டில் கைமாறிக்கொண்டிருக்கிறது.

முதல்ல, ஓசிலோஸ்கோப் என்ன பண்ணும்?

இசிஇ, ட்ரிபிள்-ஈ படித்தவர்களுக்கு ‘சி.ஆர்.ஓ’ என்றால் உடனே லேப் நினைவுக்கு வரும். மற்றவர்களுக்கு ஒரே வரியில்: மல்டிமீட்டர் வோல்டேஜை எண்ணாகச் சொல்லும், ஓசிலோஸ்கோப் அதே வோல்டேஜ் நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைப் படமாக வரைந்து காட்டும். 1897-ல் ஜெர்மன் இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கிய கேதோடு கதிர்க் குழாயிலிருந்து தொடங்குகிறது இதன் கதை. பழைய டிவியின் பிக்சர் டியூபும் அதே குடும்பம்தான்.

பவர் சப்ளை ஏன் முதல் சந்தேகம்?

வீட்டில் ஃபேன், லைட், ஃபிரிட்ஜ் மூன்றும் ஒரே நேரத்தில் நின்றால் மூன்றையும் தனித்தனியாகக் கழற்றிப் பார்ப்போமா? மெயினைத்தானே பார்ப்போம்? அதே லாஜிக்தான் இங்கேயும்.

465 போன்ற ஸ்கோப்பில் சுவரிலிருந்து வரும் மின்சாரம் நான்கு படிகளைக் கடக்கிறது.

• டிரான்ஸ்ஃபார்மர்: மெயின் வோல்டேஜைத் தேவையான அளவுகளுக்கு மாற்றுகிறது.

• ரெக்டிஃபையர்: நான்கு டையோடுகள் கொண்ட பிரிட்ஜ். ஏ.சி-யை ஒரே திசையில் ஓடவைக்கிறது.

• ஃபில்டர் கெபாசிட்டர்: மேடு பள்ளமாக வருவதைச் சமன் செய்கிறது. மேல்நிலைத் தொட்டி மாதிரி. மோட்டார் விட்டு விட்டு ஓடினாலும் குழாயில் தண்ணீர் சீராக வரும்.

• ரெகுலேட்டர்: வெளியே போகும் வோல்டேஜை ஒரே அளவில் பிடித்து வைக்கிறது.

கடைசியில் கிடைக்கும் ஒவ்வொரு வோல்டேஜுக்கும் ‘ரெயில்’ என்று பெயர். 465-ல் முக்கியமான ரெயில்கள் ஐந்து: +110, +55, +15, +5, -8 வோல்ட். ஸ்கோப்பின் அத்தனை பகுதிகளும் இவற்றைத்தான் நம்பி வாழ்கின்றன. ஒரு ரெயில் விழுந்தால் அதன் பாதிப்பு சம்பந்தமே இல்லாத இடத்தில் தெரியும். கோடு மேலே பறந்துபோகும், ட்ரிகர் பிடிக்காது, படம் சுருங்கும். அறிகுறியைத் துரத்தினால் ஊரைச் சுற்ற வேண்டியதுதான். ரெயிலைப் பார்த்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தெரிந்துவிடும்.

திறக்கும் முன்: இதைப் படிக்காம ஸ்க்ரூ டிரைவரை எடுக்காதீங்க

இந்தப் பகுதியில் சமரசமே கிடையாது. 465-க்குள் டியூபின் கேதோடுக்கு மட்டும் சுமார் -2,450 வோல்ட் போகிறது. அதன் ஆனோடு பக்கம் அதைவிடப் பல மடங்கு அதிகம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களிலும் டியூபிலும் மின்சாரம் தங்கியிருக்கும்.

• பிளக்கைக் கழற்றிவிட்டு சில நிமிடங்கள் காத்திருங்கள். பிறகு பெரிய கெபாசிட்டர்களில் வோல்டேஜ் இருக்கிறதா என்று மீட்டரால் அளந்து உறுதி செய்யுங்கள்.

• மிச்சம் இருந்தால் ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து தீப்பொறி பறக்கவிடாதீர்கள். சில கிலோ ஓம் மதிப்புள்ள, வாட்டேஜ் அதிகமான ரெசிஸ்டர் வழியாக மெதுவாக இறக்குங்கள்.

• ஆன் நிலையில் அளக்கும்போது ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள். மோதிரம், செயின், மெட்டல் ஸ்ட்ராப் வாட்ச் வேண்டாம்.

• மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை எக்காரணம் கொண்டும் துண்டிக்காதீர்கள்.

• சாதாரண மல்டிமீட்டர் 600 அல்லது 1,000 வோல்ட் வரைக்கும்தான். டியூபின் ஹை வோல்டேஜை அதைக் கொண்டு தொடவே கூடாது. அதற்கென்று தனி ப்ரோப் உண்டு.

மெயின் மின்சாரத்தில் வேலை செய்து பழக்கமில்லை என்றால், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். தனியாக வேண்டாம்.

திறக்காமலே பார்க்க வேண்டியவை

1. கண்ட்ரோல்கள்: ‘கோடு வரலை’ என்ற புகாரில் சில நேரம் குற்றவாளி ஒரு திருகுதான். வெளிச்ச அளவைக் கூட்டுங்கள். பொசிஷன் திருகுகளை நடுவில் வையுங்கள். ட்ரிகரை ஆட்டோவில் போடுங்கள். 465-ல் ‘பீம் ஃபைண்ட்’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால், திரைக்கு வெளியே போய்விட்ட கோட்டை உள்ளே இழுத்துக் காட்டும். அப்போது ஏதாவது தெரிந்தால் டியூபும் ஹை வோல்டேஜும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

2. வோல்டேஜ் தேர்வு: அமெரிக்காவிலிருந்து வந்த கருவி என்றால் பின்பக்கம் 115 வோல்ட்டில் வைக்கப்பட்டிருக்கலாம். நம் ஊர் 230 வோல்ட்டில் அப்படியே செருகினால் கதை அங்கேயே முடிந்துவிடும். முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

3. ஃபியூஸ்: போயிருந்தால் சரியான அளவில் ஒரு முறை மாற்றிப் பார்க்கலாம். உடனே மறுபடி போனால் நிறுத்திவிடுங்கள். ஃபியூஸ் போவது விளைவு. காரணம் உள்ளே இருக்கிறது. ‘கொஞ்சம் பெரிய ஃபியூஸ் போட்டா நிக்கும்’ என்பது டிரான்ஸ்ஃபார்மரையே பலி கொடுக்கும் யோசனை. கம்பி கட்டுவது அதைவிட மோசம்.

சீரிஸ் லேம்ப்: பழைய மெக்கானிக்கின் புத்திசாலித்தனம்

டிவி, ரேடியோ மெக்கானிக் கடைகளில் சுவரில் ஒரு குண்டு பல்பு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அது வெளிச்சத்துக்கு மட்டுமல்ல. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பைச் சோதிக்கும் கருவியோடு தொடராக இணைத்துவிடுவார்கள். பளிச்சென்று ஒரு முறை மின்னி, பிறகு மங்கினால் பிரச்சினை பெரிதில்லை. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். கரண்டைப் பல்பு தடுத்துக்கொள்வதால் மேற்கொண்டு எதுவும் எரியாது. எல்.இ.டி பல்பு இதற்கு உதவாது. இழை உள்ள குண்டு பல்புதான் வேண்டும்.

பல ஆண்டுகள் மூலையில் கிடந்த 465 போன்ற கருவியை முதன்முறை ஆன் செய்யும்போது இந்தப் பல்பு நல்ல காவலாளி. வேரியாக் கையில் இருந்தால் வோல்டேஜை மெதுவாக ஏற்றுவதும் நல்லது. நீண்ட காலம் சும்மா கிடந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் உள்ளே இருக்கும் காப்புப் படலம் பலவீனமாகியிருக்கும். மெதுவாக ஏற்றினால் அது மீண்டு வர வாய்ப்பு உண்டு.

ரெயில்களை அளப்போம்: வரிசை முக்கியம்

இப்போது மூடியைக் கழற்றியாகிவிட்டது. கையில் சர்வீஸ் மேனுவல் இருக்க வேண்டும். பழைய டெக்ட்ரானிக்ஸ் மேனுவல்களின் ஸ்கேன் இணையத்தில் கிடைக்கிறது. எந்த ரெயிலை எந்த இடத்தில் அளப்பது, எத்தனை வோல்ட் வரை விலகலாம், எவ்வளவு ரிப்பிள் இருக்கலாம் என்று எல்லாமே அதில் இருக்கும்.

முதலில் +55 வோல்ட்டை அளக்க வேண்டும். ஏன் அது? 465-ல் மற்ற ரெயில்களுக்கு அளவுகோலே அதுதான். அது தவறினால் அதைப் பார்த்து ஓடும் எல்லாமே தவறும். மற்ற ரெயில் ஒன்று தப்பாக இருக்கிறது என்று அதன் டிரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன்னால் +55 சரியாக இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பலரும் ஒரு நாள் முழுவதையும் தொலைக்கும் இடம் இது.

பிறகு மற்ற நான்கையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். தாளில் மூன்றில் ஒரு சித்திரம் கிடைக்கும்: எல்லாமே பூஜ்யம், ஒன்று மட்டும் கீழே, அல்லது எல்லாம் இருக்கின்றன, ஆனால் சரியில்லை.

எல்லாமே பூஜ்யம் என்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், டிரான்ஸ்ஃபார்மர் என்று முன்பக்கம் நகருங்கள். மற்ற இரண்டும்தான் சுவாரஸ்யமானவை.

ஒரு ரெயில் மட்டும் விழுந்திருந்தால்?

+15 வோல்ட் வர வேண்டிய இடத்தில் மீட்டர் அரை வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘ரெகுலேட்டர் போச்சு’ என்றுதான் முதலில் தோன்றும். இருக்கலாம். ஆனால் இன்னொரு வாய்ப்பு அதைவிட அதிகம்: ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது, யாரோ அதைக் கீழே இழுக்கிறார்கள்.

பவரை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, அந்த ரெயிலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ரெசிஸ்டன்ஸ் அளங்கள். ஓரிரு ஓம் மட்டுமே காட்டினால் ஷார்ட். பழைய ஸ்கோப்களில் இதற்குப் பெயர்போன குற்றவாளி டேண்டலம் கெபாசிட்டர். பளபளப்பான, துளி வடிவப் பட்டாணி மாதிரி போர்டு முழுக்க நிற்கும்.

டேண்டலம் ஏன் இப்படிச் செய்கிறது? அதன் உள்ளே இருக்கும் காப்புப் படலம் மிக மெல்லியது. அதில் சின்னக் குறை ஒன்று இருந்து, ஆன் செய்யும் நொடியில் கரண்ட் பாய்ந்தால், அந்த இடத்தில் துளை விழுந்து ஷார்ட் ஆகிவிடும். சில நேரம் புகையும் சத்தமுமாக வெடிக்கும். அது அதிர்ஷ்டம், ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். கரண்டை மட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் இருந்தால் வெடிக்காது. மௌனமாக ரெயிலைக் கீழே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரே ரெயிலில் பத்து இருபது டேண்டலம் இருக்கலாம். எல்லாம் இணையாக இருப்பதால் மீட்டரில் எதைத் தொட்டாலும் ஷார்ட் என்றே சொல்லும். எது உண்மையான ஆள்?

• பிரித்துப் பார்த்தல்: போர்டுகளை இணைக்கும் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீண்டும் அளங்கள். எதைக் கழற்றியதும் ஷார்ட் மறைகிறதோ, குற்றவாளி அந்தப் போர்டில்.

• மில்லி வோல்ட் தடம்: கரண்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையிலிருந்து, சரியான துருவத்தில், அரை வோல்ட்டுக்கும் கீழே வைத்து அந்த ரெயிலுக்குள் செலுத்துங்கள். மீட்டரை மில்லி வோல்ட்டில் வைத்து ரெயில் ஓடும் பாதை நெடுக அளந்துகொண்டே போங்கள். எங்கே வோல்டேஜ் மிகக் குறைவோ, அதன் பக்கத்தில்தான் ஷார்ட். தண்ணீர் பள்ளத்தை நோக்கித்தானே ஓடும்?

• சூடு: ஷார்ட் ஆன பாகம் சில நேரம் லேசாகச் சூடாகும். தெர்மல் கேமரா இருந்தால் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இந்த மூன்றிலும் ஒரு பாகத்தைக்கூட நாம் இன்னும் மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். அளந்தோம், அவ்வளவுதான்.

வோல்டேஜ் இருக்கு, ஆனா கோடு ஆடுது!

மூன்றாவது சித்திரம். ரெயில்கள் ஏறக்குறைய சரி. ஆனால் திரையில் கோடு தடிமனாக, அல்லது அலை அலையாகத் தெரிகிறது. சந்தேகம் ஃபில்டர் கெபாசிட்டர் மீது, அதாவது நம் மேல்நிலைத் தொட்டியின் மீது. இவை எலக்ட்ரோலிட்டிக் வகை. உள்ளே ஈரமான மின்பகுளி இருக்கும். பல ஆண்டுகள் சூட்டில் அது காய்ந்துபோனால் தொட்டி சின்னதாகிவிடும். உள்ளே வரும் மேடு பள்ளம் அப்படியே வெளியே தெரியும். அதுதான் ரிப்பிள்.

இங்கே ஒரு அழகான துப்பு இருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பிரிட்ஜ் ரெக்டிஃபையர் அலையின் இரண்டு பாதிகளையும் பயன்படுத்துவதால் ரிப்பிள் 100 ஹெர்ட்ஸில் வர வேண்டும். அளக்கும்போது 100 என்றால் கெபாசிட்டரைச் சந்தேகப்படுங்கள். 50 என்றால், பிரிட்ஜில் ஒரு டையோடு வேலை செய்யாமல் இருக்கலாம். வெறும் எண், ஆனால் எந்தப் பாகத்தைப் பார்க்க வேண்டும் என்பதையே சொல்லிவிடுகிறது.

‘ரிப்பிளைப் பார்க்க ஸ்கோப் வேணும், ஸ்கோப்தானே ரிப்பேர்ல இருக்கு?’ நியாயமான கேள்வி. மல்டிமீட்டரை ஏ.சி-யில் வைத்து ரெயிலை அளந்தாலே ரிப்பிள் இருக்கிறதா என்பது ஓரளவு தெரிந்துவிடும். கோடு தெரிகிற நிலையில் இருந்தால் இன்னொரு வழி: ட்ரிகர் சோர்ஸை ‘லைன்’ என்பதில் வையுங்கள். ஆடிக்கொண்டிருந்த அலை அசையாமல் நின்றால் அது மெயினிலிருந்து வருவதுதான். நோயாளியே தன் நோயைச் சொல்கிறது.

மாற்றும்போது கவனிக்க

• டேண்டலத்தின் வோல்டேஜ் அளவில் கஞ்சத்தனம் வேண்டாம். ரெயிலைப் போல இரண்டு மடங்கு தாங்குவதைப் போடுவது பாதுகாப்பு. 15 வோல்ட் ரெயிலுக்கு 35 வோல்ட் பாகம் நல்லது.

• எலக்ட்ரோலிட்டிக் வாங்கும்போது 105 டிகிரி வகையைக் கேளுங்கள். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் துறையின் பொதுக் கணக்கு.

• பிளஸ், மைனஸை இரண்டு முறை சரிபாருங்கள். -8 வோல்ட் ரெயிலில் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். அவசரத்தில் மாற்றிப் போட்டால் புகைதான்.

• பவர் டிரான்சிஸ்டரை மாற்றினால் அதன் அடியில் இருக்கும் மைக்கா தகட்டையும் ஹீட் சிங்க் பசையையும் மறக்காதீர்கள்.

• ரெயில் மாறினால் மற்ற அளவீடுகளும் மாறும். எல்லாம் சரியான பிறகு மேனுவல்படி +55-ஐச் சரிபார்த்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

சென்னையில் இருந்தால் இந்தப் பாகங்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் போதும். மொத்தமாக எல்லாக் கெபாசிட்டரையும் மாற்றிவிடலாமா என்று கேட்பீர்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால் ஐம்பது பாகங்களைக் கழற்றி மாட்டும்போது நீங்களே புதிதாக இரண்டு தவறு செய்யக்கூடும். அப்புறம் பழைய கோளாறு எது, புதியது எது என்றே தெரியாது.

எல்லா ரெயிலும் சரி, திரை மட்டும் இருட்டு?

அப்படியானால் அடுத்த சந்தேகம் ஹை வோல்டேஜ் பகுதி. பழக்கமில்லாதவர்கள் இங்கே நின்றுவிடுவது நல்லது. தெரிந்தவரிடம் கொடுக்கும்போது, நீங்கள் எழுதி வைத்த ரெயில் அளவுகளையும் சேர்த்துக் கொடுங்கள். அவரது வேலை பாதி முடிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. 465-க்குப் பிறகு வந்த பல ஸ்கோப்களில் ஸ்விட்ச் மோட் பவர் சப்ளை இருக்கிறது. அதில் மெயின் மின்சாரம் நேரடியாக டி.சி ஆக்கப்படும். 230 வோல்ட் என்றால் உள்ளே சுமார் 325 வோல்ட். அந்தப் பகுதியில் இன்னொரு ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால், கிளிப் எர்த்தோடு இணைந்திருப்பதால் நேரடி ஷார்ட். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அங்கே கை வைக்கக் கூடாது. சீரிஸ் லேம்ப் போட்டால் இந்த வகை சப்ளை ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். அதை வைத்துக் கோளாறு என்று முடிவு செய்யாதீர்கள்.

50 வருஷத்துக்கு முந்தைய கருவியை இன்னும் எப்படிச் சரிசெய்ய முடிகிறது?

டெக்ட்ரானிக்ஸ், 1946-ல் அமெரிக்காவின் போர்ட்லேண்டில் ஹோவர்ட் வோலம், ஜாக் மர்டாக் உள்ளிட்டோர் தொடங்கிய நிறுவனம். அவர்களது மேனுவலில் முழு சர்க்யூட் படம், ஒவ்வொரு பகுதியும் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கம், கோளாறு தேடும் முறை, பாகங்களின் பட்டியல் எல்லாம் இருந்தன. 465-க்கும் முந்தைய, வால்வு காலத்து மாடல்களில் பாகங்கள் செராமிக் பட்டைகளில் பற்றவைக்கப்பட்டிருக்கும். சாதாரண ஈயம் அந்தப் பட்டையில் இருக்கும் வெள்ளிப் பூச்சைக் கரைத்துவிடும். அதனால் வெள்ளி கலந்த ஈயத்தில் ஒரு சின்னச் சுருளை ஸ்கோப்புக்குள்ளேயே மாட்டி அனுப்பினார்கள். ‘இதை ஒரு நாள் யாரோ திறப்பார், சரிசெய்வார்’ என்று ஃபேக்டரியிலேயே யோசித்திருக்கிறார்கள்.

இன்று உங்கள் கையில் இருக்கும் போனுக்கோ லேப்டாப்புக்கோ சர்க்யூட் படம் கூடவே வந்ததா? பழுதுபார்க்கும் உரிமை பற்றிய விவாதமே இதுதான். இந்தியாவில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் இதற்காக ஒரு குழுவை அமைத்தது. அதே ஆண்டு டிசம்பரில் தனி இணையதளமும் தொடங்கப்பட்டது. விவசாயக் கருவிகள், மொபைல் மற்றும் எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் ஆகியவை இதில் கவனம் செலுத்தப்படும் துறைகள்.

புதுசே வாங்கிடலாமே?

வாங்கலாம். அலைவடிவத்தைச் சேமிக்க வேண்டும், கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றால் புது டிஜிட்டல் ஸ்கோப்தான் வசதி. பழசை நம்பி ஆபீஸ் டெட்லைனை வைக்க வேண்டாம். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு பழைய ஸ்கோப் இருந்து, அதில் போனது ஒரு கெபாசிட்டர் மட்டுமே என்றால், அதைக் குப்பையில் போடுவது டயர் பஞ்சர் ஆனதற்குக் காரைத் தூக்கிப் போடுவது மாதிரி.

சுருக்கமா சொன்னா

• கண்ட்ரோல், வோல்டேஜ் தேர்வு, ஃபியூஸ் பார்த்த பிறகே திறக்கவும்.

• அளவுகோல் ரெயிலை முதலில் அளக்கவும். மற்றதையும் அளந்து எழுதி வைக்கவும்.

• ரெயில் விழுந்திருந்தால் ஷார்ட் தேடவும். கோடு ஆடினால் ரிப்பிள் தேடவும்.

• அளக்காமல் எதையும் மாற்ற வேண்டாம்.

• ஹை வோல்டேஜ் பகுதி பழக்கமில்லையென்றால் அங்கே நிறுத்திக்கொள்ளவும்.

அடுத்த முறை யாராவது ‘டியூப் காலி’ என்று தீர்ப்பு சொன்னால், ‘ரெயிலை அளந்தீங்களா?’ என்று மட்டும் கேளுங்கள்.